கர்த்தரை நம்புவதும் நம் கையால் உழைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடும் ஒரு தமிழ் ஜெபக்குழுவை நடத்த உதவி வருகிறேன். மான்யதா டெக் பார்க்கிலும் ஒயிட்ஃபீல்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் வருகிறார்கள். நர்ஸுகள் வருகிறார்கள். கோலார் தங்கவயலான கே.ஜி.எஃப்பிலிருந்து பிழைப்புக்காக இங்கே குடிவந்த குடும்பங்கள் உண்டு. அக்கம்பக்கத்து வீடுகளில் சமையல் வேலை செய்யும் அம்மாமார் உண்டு. படிப்பும் சம்பளமும் வேறு வேறாக இருந்தாலும், ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போது இவர்கள் கேட்கும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றுதான்: நான் எவ்வளவு செய்ய வேண்டும், எதைக் கர்த்தரிடம் விட வேண்டும்? அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். வசனங்கள் நம் சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

"கர்த்தர் பார்த்துக்குவார்னு நம்பினா போதாதா? இன்டர்வியூவுக்கு எதுக்கு இவ்வளவு படிக்கணும்?"

படிக்க வேண்டும். எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டும்போது எதிரிகள் சூழ்ந்துகொண்டார்கள். அப்போது என்ன செய்தோம் என்று நெகேமியா எழுதுகிறார்: "நாங்கள் எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, அவர்கள்நிமித்தம் இரவும்பகலும் ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம்" (4:9). ஜெபித்தாயிற்றே, காவல் எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. 52 நாளில் அலங்கம் முடிந்தபோது, இது தேவனால் ஆன வேலை என்று எதிரிகளுக்கே தெரிந்துவிட்டது (6:15, 16).

"குதிரை யுத்தநாளுக்கு ஆயத்தமாக்கப்படும், ஜெயமோ கர்த்தரால் வரும்" (நீதிமொழிகள் 21:31). ஜெயம் அவர் கையில் இருக்கிறது என்பதற்காகக் குதிரையைக் கொட்டிலிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை.

"'உன் சுயபுத்தியின்மேல் சாயாதே'ன்னு வசனம் இருக்கே. அப்போ மூளையை உபயோகிக்கவே கூடாதா?"

அந்த வசனம் இருக்கும் நீதிமொழிகள் புத்தகத்தை முழுதாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சோம்பேறியை எறும்பிடம் போய்ப் பார்க்கச் சொல்கிறது (6:6). ஆலோசனைக்காரர் பலர் இருந்தால் காரியம் உறுதிப்படும் என்கிறது (15:22). ஞானத்தைச் சம்பாதி, புத்தியைச் சம்பாதி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. மூளையை மூட்டைகட்டி வைக்கச் சொல்லும் புத்தகம் இப்படிப் பேசாது.

3:5-க்கு இரண்டு வசனம் தள்ளி, "நீ உன்னை ஞானியென்று எண்ணாதே" என்று வருகிறது. தனக்கு எல்லாம் தெரியும், யாரையும் கேட்க வேண்டியதில்லை, கர்த்தரையும் கேட்க வேண்டியதில்லை என்று இருப்பவருக்கான எச்சரிக்கை அது. நன்றாக யோசித்து, நாலு பேரைக் கேட்டு, ஜெபித்து முடிவெடுப்பவரை அந்த வசனம் குற்றப்படுத்தவில்லை.

"இது நானே உழைச்சு வளர்த்துக்கிட்ட திறமை. இதைக் கர்த்தர் கொடுத்ததுன்னு எப்படிச் சொல்றது?"

எங்கள் குழுவில் அதிகம் வாக்குவாதம் நடந்த கேள்வி இது. கேட்ட தம்பியின் அப்பா கே.ஜி.எஃப் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடியபிறகு அந்த ஊரில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு நடந்ததுதான் இவர்கள் வீட்டிலும் நடந்தது. விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து, இடம் கிடைக்காமல் கதவருகே நின்றுகொண்டே படித்து, பெங்களூரில் டிகிரி முடித்தார். "எனக்கு யாரும் எதுவும் கொடுக்கலை அண்ணா" என்று அவர் சொல்லும்போது, அதில் பெருமையைவிடக் களைப்புதான் அதிகம் தெரிந்தது. இப்படிப்பட்டவரிடம் போய் "நீ ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் கிருபை" என்று சட்டென்று சொல்வது அன்பில்லாத பேச்சு. அவர் உழைத்தார், அது உண்மை.

மோசேயும் அந்த உழைப்பை மறுக்கவில்லை. "என் சாமர்த்தியமும் என் கைப்பலமும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது" என்று இருதயத்தில் சொல்லிக்கொள்ளாதே என்று எச்சரித்துவிட்டு, சம்பாதிப்பதற்கான பெலனைக் கொடுக்கிறவர் கர்த்தர் என்பதை நினைத்துக்கொள் என்கிறார் (உபாகமம் 8:17, 18). கை உன்னுடையதுதான், பெலன் எங்கிருந்து வந்தது? பவுலும் இதையே கேட்கிறார்: "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" (1 கொரிந்தியர் 4:7). அன்றைக்கு அந்தத் தம்பியிடம் காலை டிபனை யார் கட்டிக் கொடுத்தது என்று கேட்டோம். அம்மா மூன்றரை மணிக்கு எழுந்திருக்கிறார். அக்கா பத்தாவதோடு படிப்பை நிறுத்தி ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். கர்த்தர் கொடுப்பது பெரும்பாலும் இப்படி யாராவது ஒருவருடைய கை வழியாகத்தான் வருகிறது. பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்வதால் அவருடைய உழைப்பு ஒரு துளியும் குறைவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேதத்தில் கர்த்தர் தாமே ஒருவரைப் பெயர் சொல்லி, "அவனை தேவ ஆவியினால் நிரப்பினேன்" என்று முதலில் சொல்வது யாரைப் பற்றித் தெரியுமா? ஆசாரியனையும் இல்லை, தீர்க்கதரிசியையும் இல்லை. பெசலெயேல் என்ற கைவேலைக்காரரை (யாத்திராகமம் 31:2-5). பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்கிறவர், இரத்தினம் வெட்டுகிறவர், மரத்தில் சித்திரவேலை செய்கிறவர். அத்தனையும் வருஷக்கணக்கில் கை பழகினால்தான் வரும் வேலைகள். பழகி வந்த திறமையையே கர்த்தர் தம் ஆவியின் வேலை என்கிறார்.

"'தானே முயற்சி செய்றவனுக்குத்தான் கடவுள் உதவுவார்'னு பைபிள்ல எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை. அந்தக் கருத்து பழைய கிரேக்கக் கதைகளிலேயே உண்டு. பிற்காலத்தில் 18-ம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் பஞ்சாங்கத்தில் அச்சிட்டு இன்னும் பரவச் செய்தார். கூடவே நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த குறளும் மனதில் ஓடும்: "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" (619). சோம்பலுக்கு அது நல்ல மருந்து. வேதமும் சோம்பலைக் கண்டிக்கிறது, "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது" என்று பவுலே எழுதியிருக்கிறார் (2 தெசலோனிக்கேயர் 3:10).

ஆனால் உதவிக்குத் தகுதியாக முயற்சியைக் கேட்கும் கடவுளை நற்செய்தி நமக்குக் காட்டவில்லை. "நாம் பெலனற்றவர்களாயிருக்கும்போதே" கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறது (ரோமர் 5:6). எழுந்திருக்கவே முடியாமல் கிடப்பவருக்கும் அவர் உதவுகிறார். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கும் தகப்பனுக்காக ஜெபிக்கும் மகளிடம் இந்தப் பழமொழியைச் சொல்லிப் பாருங்கள், அது எவ்வளவு கொடுமையானது என்று புரியும்.

"இரட்சிப்பு விஷயத்துலயும் இப்படித்தானா? நல்லவனா வாழ முயற்சி பண்ணினா போதாதா?"

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது பெரிய சண்டையாக வெடித்தது. மனிதன் மனது வைத்தால் பாவமில்லாமல் வாழ முடியும் என்கிற விதமாகப் பெலேகியு என்பவர் போதித்தார். அகஸ்டீன் அதை எதிர்த்தார். மனிதனுடைய மனதே நோய்ப்பட்டிருக்கிறது, கிருபை முந்திக்கொண்டு வராவிட்டால் நன்மையை விரும்பக்கூட அதனால் முடியாது என்றார். 418-ல் கார்த்தேஜில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கம் பெலேகியுவின் போதனையைத் தள்ளியது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" (எபேசியர் 2:8) என்ற வசனத்தோடு சேர்த்துப் பார்த்தால் காரணம் புரியும்.

கிருபைக்கு மனிதன் இசைவது எப்படி என்பதில் கத்தோலிக்கர், லூத்தரன்கள், கால்வின் வழி வந்தவர்கள், வெஸ்லி வழி வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசமாட்டார்கள். நம் குழுவிலேயே எல்லா வகையும் உண்டு. ஆனால் முதல் அடியைக் கர்த்தர் எடுத்துவைக்கிறார் என்பதில் இவர்களில் யாருக்கும் மறுப்பில்லை.

"அப்போ நம்ம பங்கு எவ்வளவு, அவர் பங்கு எவ்வளவு? ஐம்பதுக்கு ஐம்பதா?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள். பங்கு பிரிக்கும் இந்தக் கணக்கே தவறு. பிரித்துவிட்டால் என்ன ஆகிறது பாருங்கள். எனக்குத் திறமை உள்ள இடத்தில் கர்த்தருக்கு வேலையில்லை, திறமை தீர்ந்த இடத்தில்தான் அவர் வரவேண்டும் என்றாகிவிடுகிறது. கோடிங் தெரிந்த பிள்ளை கோடிங்குக்காக ஜெபிப்பதே இல்லை, விசாவுக்கு மட்டும் உபவாசம் இருக்கிறது. நன்றாகச் சமைக்கத் தெரிந்த அம்மா கையில் உள்ள பக்குவத்துக்கு நன்றி சொல்வதில்லை, மகளின் கல்யாணத்துக்கு மட்டும் முழங்கால்படியிடுகிறார். வருஷத்தில் முக்கால்வாசி நாள் கர்த்தர் இல்லாமலே ஓடிவிடுகிறது.

பவுல் இப்படிப் பிரிக்கவில்லை. "அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன், ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது" (1 கொரிந்தியர் 15:10). முழு உழைப்பும் அவருடையது, முழுவதும் கிருபையும்கூட. பிலிப்பியர் 2:12, 13-லும் இதேதான். பிரயாசப்படுங்கள் என்கிறார், அடுத்த மூச்சிலேயே விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவன் என்கிறார்.

நமக்குப் பக்கத்து உதாரணம் வேண்டுமானால் ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்க். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி வாசித்தார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது. அவர் ஜெபமும் ஊழியமுமாக வாழ்ந்த மனிதர். ஆனால் தமிழ் அவருக்கு வானத்திலிருந்து இறங்கவில்லை. அந்த மணலில் எழுதிய எழுத்தில் எத்தனை சதவீதம் சீகன்பால்க், எத்தனை சதவீதம் கிருபை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

"'எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு'ன்னு சொல்லித்தான் பரீட்சை எழுதினேன். ஃபெயிலாயிட்டேன். வசனம் பொய்யா?"

பிலிப்பியர் 4:13-ஐ மட்டும் தனியாகக் கிழித்து எடுத்துக் காலண்டரிலும் கார்க் கண்ணாடியிலும் ஒட்டிவிட்டோம், அதனால் வந்த குழப்பம் இது. பவுல் இதை எழுதும்போது விலங்கிடப்பட்டிருந்தார். அதற்கு முந்தின வசனத்தில் திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்கிறார். எந்த நிலைமையிலும் கிறிஸ்துவோடு தாக்குப்பிடிக்கும் பெலனைப் பற்றிப் பேசுகிறார். பாஸ் மார்க்கைப் பற்றி அங்கே வாக்கு எதுவும் இல்லை. ஃபெயிலான இன்றைக்குத்தான் அந்த வசனம் உங்களுக்கு அதிகம் பொருந்துகிறது.

அப்புறம், ஏன் தவறியது என்று நிதானமாகப் பாருங்கள். "என் விசுவாசத்தில் குறை" என்று அழுவதற்கு முன்னால், பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்த்தேனா, நேரம் போதாமல் போனதா என்று கேட்டுக்கொள்வதில் ஆவிக்குரிய குறைவு ஒன்றுமில்லை.

"எனக்கு எந்தத் திறமையும் இல்லை. என்னை மாதிரி ஆளுங்களைக் கர்த்தர் எதுக்கு வச்சிருக்கார்?"

மோசேயும் தான் வாக்குவல்லவன் அல்ல என்று சொல்லிப் பார்த்தார் (யாத்திராகமம் 4:10). கர்த்தர் அவருடைய நாவை மாற்றியதாக எழுதப்படவில்லை. "நான் உன் வாயோடே இருந்து, நீ பேசவேண்டியதை உனக்குப் போதிப்பேன்" என்றார், ஆரோனையும் துணைக்குக் கொடுத்தார். பவுல் தன் உடலில் முள்ளாய்க் குத்திய வேதனையை எடுத்துப்போடச் சொல்லி மூன்று முறை கேட்டதற்குக் கிடைத்த பதில்: "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" (2 கொரிந்தியர் 12:9).

மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவை, அவர் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரோடு சேர்த்துத்தான் நாம் நினைக்கிறோம். அவர் இந்தியாவுக்கு வந்த 1895-ல் முதலில் ஊழியத்துக்கு வந்தது நம் பெங்களூருக்குத்தான். 1931-ல் விழுந்து காயப்பட்டபின் 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையை விட்டு வெளியே வர முடியாத நிலை. ஓடியாடிப் பிள்ளைகளை மீட்டவருக்கு அந்த ஓட்டம் நின்றுபோனது. அந்த அறையிலிருந்தபடியே எழுதிக் குவித்தார், பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார்.

எங்கள் குழுவில் வயதான ஓர் அம்மா இருக்கிறார். பள்ளிக்கூடம் போனதில்லை, வேதத்தை வைத்துத்தான் எழுத்துக்கூட்டப் படித்தார். நீல அட்டை போட்ட ஒரு நாற்பது பக்க நோட்டில் ஜெபிக்க வேண்டியவர்களின் பெயர்களை ஒவ்வோர் எழுத்தாக எழுதி வைத்திருக்கிறார். காரியம் வாய்த்ததும் பெயரை அடித்து, பக்கத்தில் தேதி போடுகிறார். வேலை கிடைத்ததைச் சொல்ல மறந்துபோன பிள்ளைக்கு அவரே போன் போட்டு, "அடிச்சிடலாமாப்பா?" என்று கேட்பார். தனக்குத் திறமை ஒன்றும் இல்லை என்றுதான் அவரும் சொல்கிறார்.

"கிதியோனோட ஆளுங்களைக் கர்த்தரே குறைச்சாரே. அப்போ திறமை அதிகமா இருந்தா அவர் செயல்பட மாட்டாரா?"

மீதியானியரோடு போரிடக் கிதியோனிடம் 32,000 பேர் வந்தார்கள், 22,000 பேர் திரும்பிப் போனார்கள், மிச்சம் 10,000 பேரில் 300 பேரை மட்டும் கர்த்தர் நிறுத்தினார் (நியாயாதிபதிகள் 7). காரணத்தை அவரே சொல்லிவிட்டார்: "என் கை என்னை இரட்சித்தது" என்று இஸ்ரவேல் வீம்பு பேசக்கூடாது. அந்தப் போருக்கு, அந்த ஜனத்துக்குத் தேவைப்பட்ட சிகிச்சை அது. ஒவ்வொரு போருக்கும் படையைக் குறையுங்கள் என்று அவர் சட்டம் போடவில்லை.

எதிர்ப்பக்க உதாரணம் தானியேல். பாபிலோனியரின் எழுத்தையும் பாஷையையும் மூன்று வருஷம் படித்தார். ராஜா விசாரித்தபோது அவரும் நண்பர்களும் மற்றவர்களைவிடப் பத்து மடங்கு சமர்த்தராயிருந்தார்கள். அந்த அறிவைத் தேவன் கொடுத்தார் என்றே வேதம் சொல்கிறது (தானியேல் 1:17-20). அந்நிய ஊருக்கு வந்து, அந்நிய பாஷை பழகி, அந்நிய அதிகாரிக்குக் கீழே வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்குக் கிதியோனைவிடத் தானியேல்தான் அதிகம் பொருந்துவார் என்பது என் எண்ணம். கன்னடம் கற்றுக்கொள்ளச் சொல்லி நான் விடாமல் நச்சரிப்பதற்கும் இதுதான் காரணம்.

"மாத்திரை சாப்பிடுறது விசுவாசக் குறைவா? மனசுக்கு மாத்திரை சாப்பிடுறேன்னு சபையில சொல்லவே பயமா இருக்கு."

குறைவு இல்லை. எசேக்கியா ராஜா சாகும் தருவாயில் ஜெபித்தார், கர்த்தர் ஆயுசைக் கூட்டிக்கொடுத்தார், அதே சமயத்தில் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (ஏசாயா 38:21). லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்று பவுல் அழைக்கிறார். வழக்கமாக எதிர்த்துக் காட்டப்படுவது ஆசா ராஜா. கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே தேடினான் என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறது (2 நாளாகமம் 16:12). அதற்கு முந்தின வசனங்களையும் வாசியுங்கள். அவர் எதிரியிடம் மாட்டியபோது சீரியா ராஜாவைத் தேடிப் போனார், கண்டித்த தீர்க்கதரிசியைச் சிறையில் போட்டார். கர்த்தரைத் தவிர எல்லாரையும் தேடுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. வைத்தியரிடம் போனது அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை.

வேலூர் சி.எம்.சி. எப்படி வந்தது என்று யோசியுங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் மிஷனரி டாக்டரின் மகளான ஐடா ஸ்கடரிடம் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிமாரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அவர் டாக்டர் இல்லை. ஆண் டாக்டரான அப்பாவை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். கர்த்தருடைய அழைப்பை அதில் கேட்ட ஐடா, அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899-ல் தேறினார். 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். அவருக்கு வந்த அழைப்பு அனாட்டமி புத்தகத்தின் வழியாகப் போனது.

மனநோய்க்கான மாத்திரையும் மாத்திரைதான். டாக்டரைக் கேட்காமல் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள், பாஸ்டர் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் சில மாத்திரைகள் ஆளைப் புரட்டிப் போட்டுவிடும். பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் கிடையாது. இதைச் சபையில் சொல்லும் தைரியம் வரும்வரை ஒரே ஒரு நம்பகமான ஆளிடமாவது சொல்லிவையுங்கள்.

"குடியை விடணும்னு வருஷக்கணக்கா ஜெபிக்கிறேன். கர்த்தர் எடுத்துப்போட மாட்டேங்கிறார். நான் என்ன பண்ணறது?"

சிலருக்கு ஒரே நாளில் ஆசை அற்றுப்போகிறது, அந்தச் சாட்சிகளை நான் சந்தேகப்படவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அப்படி நடப்பதில்லை, அதனால் அவர்களைக் கர்த்தர் கைவிட்டார் என்று அர்த்தமும் இல்லை. "ஆவியினாலே சரீரத்தின் செய்கைகளை அழித்தால் பிழைப்பீர்கள்" என்கிறது ரோமர் 8:13. பெலன் ஆவியானவருடையது, அழிக்கிற வேலை நமக்கு இருக்கிறது.

1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய, குடியை விட ஒருவருக்கொருவர் உதவும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுக்களின் முதல் படியே, குடிக்கு முன் நான் பெலனற்றவன் என்று ஒப்புக்கொள்வது. அங்கே ஆரம்பித்து, கூட்டத்துக்குத் தவறாமல் வருவது, செய்த தவறுகளைப் பட்டியலிடுவது, பாதிக்கப்பட்டவர்களிடம் போய்ச் சரிசெய்வது என்று கடினமான உழைப்பு தொடர்கிறது. பெலனில்லை என்று ஒப்புக்கொண்டவர்கள்தான் அங்கே அதிகம் உழைக்கிறார்கள். பெங்களூரில் பல இடங்களில் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. ஓர் எச்சரிக்கை: தினமும் அதிகமாகக் குடிப்பவர் ஜெபித்துவிட்டு அன்றைக்கே சுத்தமாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரின் கண்காணிப்பில் நிறுத்துங்கள்.

"முடிவெடுக்க முடியலைன்னா சீட்டு போட்டுப் பார்க்கலாமா? இல்லை, மனசுல சமாதானம் இருந்தா போதுமா?"

அப்போஸ்தலர் 1-ல் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுப் போட்டது உண்மை. பெந்தெகொஸ்தேக்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் சீட்டு திரும்ப வரவே இல்லை. 15-ம் அதிகாரத்தில் பெரிய பிரச்சினை வந்தபோது கூடிப் பேசினார்கள், சாட்சிகளைக் கேட்டார்கள், வேதவாக்கியத்தை ஒத்துப்பார்த்தார்கள். கடைசியில் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள். புதுவருஷ ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை நல்ல ஆறுதல்தான், அதை வைத்து வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.

சமாதானத்தைப் பற்றி: ஃபிளாட் வாங்கும்போது "ஜெபிச்சோம், சமாதானம் கிடைச்சுது" என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பிறகு அது பி கத்தா சொத்து, அதாவது மாநகராட்சிப் பதிவேட்டில் முறையான அங்கீகாரம் இல்லாத சொத்து என்று தெரிந்து பேங்க் பேங்காக அலைந்த குடும்பங்கள் உண்டு. வில்லங்கச் சான்று எடுங்கள், கத்தாவைப் பாருங்கள், வக்கீலிடம் காட்டுங்கள். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று சொன்னது இயேசுதான் (லூக்கா 14:28).

"அப்ரைசல் ஃபார்ம்ல என் சாதனையை நானே எழுதணும். தாழ்மையா இருக்கறதா, உள்ளதை எழுதறதா?"

உள்ளதை எழுதுங்கள். எண்ண வேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல், தெளிந்த எண்ணமுள்ளவனாய் எண்ணு என்கிறது ரோமர் 12:3. செய்ததைக் குறைத்து எழுதுவதும் பொய்தான். கூட வேலை செய்தவர்களின் பங்கையும் பெயரோடு எழுதிவிடுங்கள்.

யோசேப்பைப் பாருங்கள். பார்வோன் முன்னால் "நான் அல்ல" என்று தொடங்கி, சொப்பனத்தின் அர்த்தம் தேவனால் வருகிறது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார் (ஆதியாகமம் 41:16). அதோடு நிற்காமல், யாரும் கேட்காமலே, ஏழு வருஷ விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்கும் திட்டத்தையும் அதற்கு ஆள் போட வேண்டிய முறையையும் விளக்கினார். கர்த்தருக்கு மகிமை கொடுத்த அதே வாயால் தன் நிர்வாகத் திறமையையும் காட்டினார்.

"ஜெபமே பண்ணாத ஆளுக்கு புரமோஷன் கிடைக்குது. உபவாசம் இருந்த எனக்கு லேஆஃப். இது என்ன நியாயம்?"

நியாயமாக எனக்கும் படவில்லை. 73-ம் சங்கீதக்காரருக்கும் படவில்லை, அவர் கர்த்தரிடமே போய்க் கொட்டினார். நீங்களும் கொட்டலாம். தேவன் நல்லவர்மேலும் தீயவர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிறார், அந்த ஆளின் திறமையும் அவர் கொடுத்ததுதான். நம் உபவாசம் அவரிடம் கொடுத்துவைத்த டெபாசிட்டும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் "இவ்வளவு விதை விதையுங்கள், இத்தனை நாளில் வேலை" என்று காணிக்கை கேட்பவர்கள் வருவார்கள். கொடுக்காதீர்கள். தேவனுடைய வரத்தைப் பணத்தால் சம்பாதிக்க நினைத்த சீமோனைப் பேதுரு எப்படிக் கண்டித்தார் என்று அப்போஸ்தலர் 8:18-20-ல் இருக்கிறது. அந்தப் பணம் இரண்டு மாத வாடகைக்கு ஆகும்.

"இங்க எல்லாரும் போலி எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத்தான் வேலைக்குச் சேர்றாங்க. நானும் போட்டுட்டு, மீதியைக் கர்த்தர் பார்த்துக்குவார்னு விடலாமா?"

கூடாது. ஐம்பதுக்கு ஐம்பது கணக்கைப் பற்றி மேலே சொன்னது இங்கேதான் உறைக்கிறது. என் பங்கு பொய், அவர் பங்கு அதைக் காப்பாற்றுவது என்று பிரித்துக்கொள்கிறோம். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சாத்தான் சொன்னபோது, "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று இயேசு மறுத்தார் (மத்தேயு 4:7). நடைமுறையிலும் பாருங்கள். கம்பெனிகள் பி.எஃப். கணக்கையும் பழைய கம்பெனியையும் விசாரிக்கின்றன, சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூட மாட்டிக்கொண்டு வெளியேறியவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஊரில் வீட்டுக் கடன், தங்கை படிப்பு, பி.ஜி. வாடகை என்று கழுத்தை நெரிக்கும்போது நேர்மையாக இருக்கச் சொல்வது லேசான பேச்சு என்று எனக்குத் தெரியும். உண்மையான ரெஸ்யூமேயோடு வேலை தேடுகிறவர் தனியாகத் தேடக்கூடாது. எங்கள் குழுவில் வேலையில் இருப்பவர்கள் தங்கள் கம்பெனியில் ஃபிரெஷருக்கு இடம் வந்தால் ரெஃபர் செய்கிறார்கள், இரண்டு பேர் மாக் இன்டர்வியூ எடுக்கிறார்கள், வாடகை கட்ட முடியாத மாதத்துக்கு ஒரு சின்ன உதவி நிதி இருக்கிறது. உங்கள் சபையில் இப்படி ஒன்று இல்லையென்றால் இந்த ஞாயிறே பாஸ்டரிடம் பேசி, இரண்டு மூன்று பேராவது சேர்ந்து ஆரம்பியுங்கள்.